கடல் கடந்து வந்த மாவீரன் லிம் போ செங்

சிங்கப்பூரில் லிம் போ செங் என்ற பெயரை அறியாத பள்ளி மாணவர் அரிது. ஆனால், அம்மாவீரன் உயிர் நீத்த இடம் சிங்கப்பூர் அன்று. நம் பேராக் மாநிலத்துப் பத்து காஜா சிறைச்சாலை! எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணந்தான்.

அவர் இந்த மண்ணில் பிறந்தவர் அல்லர். 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சீனாவின் பூஜியன் மாநிலத்தில் பிறந்து, 16 வயதில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ராபிள்ஸ் கல்வி நிலையத்தில் பயின்றார். தந்தை பெரும் கட்டடக் குத்தகையாளர். அவர் மறைந்தபின் செங்கல், பிஸ்கட் தொழில்கள் மகன் பொறுப்புக்கு வந்தன. 1930இல் திருமணம். மனைவி கான் சூ நியோ. வீடு நிறையப் பிள்ளைகள். இத்தகைய மனிதர் போர்க்களம் தேடிப் போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

1937இல் ஜப்பான் சீனாவின்மீது படையெடுத்தது. அதன்பின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. சீனாவுக்காக நிதி திரட்டினார். ஜப்பானியப் பொருள்களைப் புறக்கணிக்கச் செய்தார். திரெங்கானுவின் டுங்கூனில் ஜப்பானியர் நடத்திய இரும்புச் சுரங்கத்திலிருந்து சீனத் தொழிலாளர்கள் வெளியேற முன்னின்று உழைத்தார். இதனால் எதிரியின் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்வதற்குச் சில நாள் முன்பு குடும்பத்தை விட்டுச் சுமத்ரா சென்று, பின்னர் இந்தியாவை அடைந்தார். மனைவியும் பிள்ளைகளும் ஒளிந்து வாழ்ந்தனர்.

இந்தியாவில் அவர் 136ஆம் படையில் சேர்ந்தார். பிரிட்டிஷாரின் இந்த இரகசியப் படை எதிரி பிடித்த நாட்டுக்குள் ஆட்களை அனுப்பி உளவறியும். 1943 நவம்பரில் நீர்மூழ்கிக் கப்பலில் பேராக் கரைக்கு வந்து காட்டுக்குள் நுழைந்தார். ஈப்போவில் வணிகர் வேடத்தில் அவருடைய ஆட்கள் இயங்கினர். அவ்வாண்டு இறுதியில் பீடோர்ப் பக்கத்து மலைக்காட்டில் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. எதிர்த்தரப்பில் சின் பெங்! லிம்மோ கோமின்டாங் பக்கம் நின்றவர். சீனாவில் ஒருவரையொருவர் சுட்டவர்கள் பேராக் காட்டில் ஒரே பாயில் அமர்ந்தார்கள் எனலாம்.

காட்டு முகாமில் பணம் தீர்ந்தது. நிலைமையைச் சரிசெய்ய லிம் தாமே மலையிறங்கினார். அதற்குள் பங்கோர் பக்கமிருந்த உளவாளிகள் பிடிபட்டு, வலைப்பின்னல் அறுபடத் தொடங்கியிருந்தது. 1944 மார்ச் மாதம் கோப்பேங் சோதனைச் சாவடியில் அவர் சிக்கினார். கெம்பித்தாய் எனும் ஜப்பானிய இராணுவப் போலீஸ் அவரைச் சித்திரவதை செய்தது. அவரோ தோழர்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. உடன் இருந்தவர்களைக் கொடுமைப்படுத்தியதையும் எதிர்த்தார். ஜூன் 29ஆம் நாள் வயிற்றுக்கடுப்பு நோயால் இறந்தார். வயது 35.

இதைப் படித்தபோது என் பள்ளிப் பருவம் நினைவுக்கு வந்தது. தமிழ்ப்பள்ளி முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபோது, வந்தேறி என்ற சொல்லை முதன்முதலாக என்னை நோக்கிச் சொல்லக் கேட்டேன். என் பாட்டனார் பால்மரக் காட்டுக்கு வந்த வயதும் ஏறத்தாழ லிம்மின் வயதுதான். லிம்மின் மனத்தில் முதலிடம் சீனாவுக்கே என்பதை மறைக்க வேண்டியதில்லை. சீனத் தேசிய அரசுதான் இறந்தபின் அவருக்கு மேஜர் ஜெனரல் பதவி தந்தது. ஆனால் திரும்பி வந்து அவர் ஒளிந்து உழைத்ததும் மாண்டதும் மலாயாவில்தானே? ஒருவருக்கு இரண்டு மண்ணின்மீதும் பற்று இருக்கக் கூடாதா? எத்தனை தலைமுறை கடந்தால் வந்தவர் வந்தவராக இல்லாமற் போவார் என்று எனக்குத் தெரியவில்லை.

போர் முடிந்ததும் கான் சூ நியோ மூத்த மகனுடன் பேராக் வந்து கணவரின் எலும்புகளைப் பெற்றுச் சென்றார். 1946 ஜனவரி 13ஆம் நாள் முழு இராணுவ மரியாதையோடு மெக்ரிச்சி நீர்த்தேக்கக் கரையில் நல்லடக்கம் நடந்தது. 1954இல் எஸ்பிளனேட் பூங்காவில் எண்கோண நினைவுக் கோபுரம் எழுந்தது.

சென்ற விடுமுறையில் அந்தக் கல்லறையைப் பார்த்தேன். காலை ஓட்டக்காரர்கள் அவ்வழியே போய்க்கொண்டிருந்தார்கள். சீனப் பாட்டி ஒருவர் மட்டும் நின்று, குனிந்து வணங்கிவிட்டு, என்னிடம் மலாய் மொழியில் எந்த ஊர் என்று கேட்டார். பத்து காஜா பக்கம் என்றேன்.