தஞ்சைக் கோட்டைக்கு நெல் வாங்கிய பாதிரியார்



தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்க்காதவங்க நம்ம பள்ளியில யாரும் இருக்க மாட்டாங்க. ஆனா கோயிலை ஒட்டியுள்ள சிவகங்கைப் பூங்கா பக்கம் ஒரு பழைய தேவாலயம் நிற்கிறதே, அதை எத்தனை பேர் கவனித்திருப்பீர்கள்? 1779ல் கட்டியது. சுவார்ட்ஸ் சர்ச் என்று சொல்வார்கள். கடலுக்கு அப்பாலிருந்து வந்து, 48 வருஷம் தமிழ்நாட்டிலேயே இருந்து, இங்கேயே மண்ணாகிப் போன கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் பாதிரியாரை ஐயர் என்றே அழைப்பார்கள். அதனால் இவரும் சுவார்ட்ஸ் ஐயர்.

இவர் 1726 அக்டோபர் 8ஆம் தேதி பிரஷ்யா நாட்டில் சோனன்பர்க் என்ற சிறிய ஊரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. குழந்தையாக இருக்கும்போதே தாயார் இறந்துவிட்டார். சாகும்போது, இந்தப் பிள்ளையைக் கடவுள் வேலைக்கென்று விட்டுவிட்டேன், தடுக்காதீர்கள் என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

ஹாலே நகரத்தில் படிக்கும்போது ஒரு அதிசயம் நடந்தது. தமிழ்நாட்டில் பல வருஷம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய சூல்ச் என்ற பாதிரியார் அங்கே தமிழ் பைபிளை அச்சடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அதற்கு உதவி செய்யத்தான் சுவார்ட்ஸ் தமிழ் கற்றார். அச்சு வேலை நின்றுபோச்சு. ஆனா தமிழ் அவரிடம் ஒட்டிக்கொண்டது! ஜெர்மனியில் குளிரில் உட்கார்ந்து ஒருவர் அ, ஆ எழுதிப் பழகியதை நினைத்தால் நமக்கே சிரிப்பும் சந்தோஷமும் வருது.

1749ல் டென்மார்க் நாட்டுக் கோப்பன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1750 ஜூலையில் கடலூரில் வந்து இறங்கி, அங்கிருந்து தரங்கம்பாடிக்குப் போனார். அப்போது வயசு 23. தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. வந்த நாலே மாதத்தில், சீகன்பால்கு கட்டிய தேவாலயத்தில் தமிழிலேயே பிரசங்கம் செய்துவிட்டார். பிறகு 1762ல் திருச்சி. அங்கே வெடிமருந்துக் கிடங்கு வெடித்துச் சிப்பாய்கள் பலர் செத்துப்போக, அநாதையான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். திருச்சித் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இன்றும் உள்ள கிறிஸ்து நாதர் ஆலயம் 1766ல் அவர் கட்டியதுதான்.

அவர் வாழ்ந்த விதத்தைக் கேளுங்கள். வருஷத்துக்கு 48 பவுண்டுதான் செலவுக்கு. கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அளவுக்கு ஒரு அறை. உடுப்பு பருத்தித் துணியில் கறுப்புச் சாயம் தோய்த்தது. சாப்பாடு நம்ம ஊரு மாதிரியே சமைத்த சோறும் காய்கறியும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பட்டாளத்துக்கும் குருவாக இருந்ததால் கம்பெனியார் தனியாக வருஷம் 100 பவுண்டு கொடுத்தார்கள். அதில் பெரும்பகுதி சபைக்கும் பள்ளிக்கும் போனது. அந்தக் காலத்தில் கம்பெனி உத்தியோகத்துக்கு வந்த வெள்ளைக்காரர்களில் பலர் வெறுங்கையோடு வந்து நவாப் போலத் திரும்பிப் போனார்கள் என்பதை நம் சரித்திரப் பாடத்திலேயே படிக்கிறோம். அவர்களுக்கு நடுவில்தான் இவரும் இருந்தார்.

1779ல் ஒரு விநோதமான வேலை வந்தது. மைசூரில் ஹைதர் அலி கோபமாக இருந்தார். அவரிடம் சமாதானம் பேச ஆள் வேண்டும். இந்தப் பாதிரியை அனுப்புங்கள், இவர் என்னை ஏமாற்ற மாட்டார் என்று ஹைதர் அலியே கேட்டாராம். சென்னை கவர்னர் கூப்பிட்டு அனுப்பினார். சுவார்ட்ஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். ஹைதர் அலி தன் பக்கத்தில் கம்பளத்தில் உட்கார வைத்து இந்துஸ்தானியில் பேசினார். சுவார்ட்ஸுக்கு அந்த மொழியும் தெரியும்.

திரும்பும்போது வழிச்செலவுக்கென்று ஹைதர் அலி 300 ரூபாய் கொண்ட ஒரு பையைக் கொடுத்தார். என் செலவுக்கு ஏற்கனவே கொடுத்துவிட்டார்கள், வேண்டாம் என்று சுவார்ட்ஸ் சொல்லிப் பார்த்தார். மறுத்தால் ஹைதர் வருத்தப்படுவார் என்றார்கள். அதனால் வாங்கி வந்து அப்படியே சென்னை சர்க்கார் முன்னால் வைத்துவிட்டார். நீரே வைத்துக்கொள்ளும் என்று அவர்கள் சொன்ன பிறகும் சொந்தத்துக்குத் தொடவில்லை. தஞ்சாவூரில் அநாதைப் பிள்ளைகளின் இங்கிலீஷ் பள்ளிக்கு முதலாக வைத்தார்.

அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை. ஹைதர் அலி சொல்லி அனுப்பிய புகார்களைக் கம்பெனியார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1780ல் போர் மூண்டது. மைசூர்ப் படை கர்நாடகச் சீமை முழுக்கப் பரவி, தஞ்சைச் சீமைக்கும் வந்தது. ஊர்கள் எரிந்தன, மதகுகள் உடைந்தன, மாடுகள் பறிபோயின. அப்போதும் அந்தப் பாதிரியை யாரும் தொடக்கூடாது என்று ஹைதர் அலி தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டிருந்தாராம். எதிரிகள் நடுவிலும் சுவார்ட்ஸ் போய்வந்தார்.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் வந்துவிட்டது. சிப்பாய்கள் பட்டினியால் எலும்பும் தோலுமாகி விழுந்தார்கள். தினமும் காலையில் தெருவில் பிணங்கள் கிடந்தன. சோழவளநாடு சோறுடைத்து என்று பேர் வாங்கிய ஊரில்! இத்தனைக்கும் நாட்டுப்புறத்தில் நெல்லே இல்லை என்று நினைக்காதீர்கள். கிராமங்களில் நெல் இருந்தது. கோட்டைக்குக் கொண்டுவர மாடுதான் இல்லை. ஏன் இல்லை? முதலில் நெல் கொண்டுவந்த குடியானவர்களிடம் துபாஷிகள் நெல்லை வாங்கிக்கொண்டு, கொடுக்க வேண்டிய காசை அமுக்கிவிட்டார்கள். ஒருமுறை ஏமாந்தவன் மறுமுறை வருவானா? மாடுகளை எல்லாம் தூரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ராஜா துளஜாஜி உத்தரவு போட்டார், பிறகு கெஞ்சியும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் ராஜாவே கம்பெனி அதிகாரி ஒருவரிடம் ஒரு உண்மையை ஒத்துக்கொண்டார். நம் இரண்டு பேருக்குமே ஜனங்களிடம் நாணயம் போய்விட்டது, சுவார்ட்ஸை நம்புகிறார்களா பார்ப்போம் என்றார். ஒன்றும் எழுதாத வெற்றுக் காகிதத்தை சுவார்ட்ஸிடம் கொடுத்தனுப்பினார். நீர் என்ன விலை பேசி எழுதினாலும் எனக்குச் சம்மதம் என்று அதற்கு அர்த்தம்.

யோசிக்க நேரமில்லை. சுவார்ட்ஸ் சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பினார். இரண்டே இரண்டு வாக்குறுதிதான். கூலியையும் விலையையும் என் கையாலேயே கொடுப்பேன். வழியில் எதிரி உங்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டால் அந்த மாட்டுக்கும் நானே காசு கொடுப்பேன். அவ்வளவுதான்! ஒன்றிரண்டு நாளில் ஆயிரத்துக்கும் மேல் மாடுகள் வந்து நின்றன. ஒரு உபதேசியாரும் வேறு சில கிறிஸ்தவர்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். கொஞ்ச நாளுக்குள் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது.

80,000 கலம் என்றால் எவ்வளவு? ஒரு கலத்துக்கு 12 மரக்கால். நம்ம பக்கம் இரண்டு கலம் ஒரு மூட்டை என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் 40,000 மூட்டை! லாரி இல்லை, டிராக்டர் இல்லை. எல்லாம் மாட்டு முதுகில் வந்தது.

எல்லாம் முடிந்தபின் சுவார்ட்ஸ் ஒவ்வொருவருக்கும் பேசியபடி காசு கொடுத்தார். கையில் இருந்தது போதவில்லை. மற்றவர்கள் தன்னிடம் கொடுத்துவைத்திருந்த பணத்திலிருந்தும் எடுத்துக் கொடுத்தார். மேலே சிறு அன்பளிப்பும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். (அடுத்தவர் பணத்தை எடுத்தது சரியா என்று வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்விதான். ஆனா நெல் கொடுத்தவன் காத்துக்கிடக்கக் கூடாது என்று அவர் நினைத்தார். அதை ஒளிக்காமல் தன் கடிதத்தில் அவரே எழுதியும் வைத்தார்.)

நம்ம பள்ளியில விவசாயி வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். அறுப்பு முடிந்து நெல்லைக் களத்தில் குவித்துவிட்டு, பணம் எப்போ கைக்கு வரும்னு அப்பா அம்மா பேசுறதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த விஷயத்தின் அருமை தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிரசங்கம் செய்தவர்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர். நெல்லை அளந்து, பேசிய விலையைப் பேசிய நாளில் கொடுத்ததில்தான் இவருடைய மதம் என்ன என்று அந்தக் குடியானவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்ல.

வாங்குவதிலும் தர்மம் உண்டு என்ற நினைப்பு அதே காலத்தில் இங்கிலாந்திலும் எழுந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் கறுப்பு அடிமைகளை அடித்து வேலை வாங்கி விளைவித்த சர்க்கரை நமக்கு வேண்டாம் என்று 1791 முதல் சுமார் 3 லட்சம் பேர் தேநீரில் சர்க்கரை போடுவதை விட்டார்கள். அங்கே வாங்காமல் இருந்தார்கள், இங்கே ஒருவர் நேர்மையாக வாங்கினார்.

போர் ஓய்ந்த பிறகும் கஷ்டம் ஓயவில்லை. வரி வசூல் செய்தவர்களின் கொடுமை தாங்காமல் சுமார் 65,000 பேர் தஞ்சைச் சீமையை விட்டே போய்விட்டார்கள். ஜூனில் தொடங்க வேண்டிய உழவு செப்டம்பர் வந்தும் தொடங்கவில்லை. காவிரியில் தண்ணீர், வயலில் ஆள் இல்லை! மறுபடியும் சுவார்ட்ஸைத்தான் தூது அனுப்பினார்கள். இனி அநியாயம் நடக்காது என்று அவர் சொல்லை நம்பி ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். பருவம் தப்பிவிட்டதே, கொஞ்சம் மெனக்கெட வேண்டும் என்று அவர் சொல்ல, உங்களுக்காக ராவும் பகலும் பாடுபடுகிறோம் என்று சொல்லி இறங்கினார்களாம்.

அவரிடம் குறையே இல்லை என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் கோடு போட்டுவிடுவார். கம்பெனியாருக்கு அவர் பலமுறை உதவினார். அந்தக் கம்பெனிதான் பின்னால் தஞ்சை ராஜ்யத்தையே எடுத்துக்கொண்டது. அவருடைய தேவாலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் இருந்தது. அவர் அதை அடியோடு எடுத்துவிடவில்லை. அவர் இறந்து பல வருஷம் கழித்துத்தான் அதற்குப் பெரிய சண்டையே நடந்தது.

படிப்பு விஷயத்தில் அவர் செய்தது அதிகம். ஜான் சல்லிவன் என்ற அதிகாரியுடன் சேர்ந்து 1785 வாக்கில் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கையில் இங்கிலீஷ் பள்ளிகள் தொடங்கினார். ராமநாதபுரத்தில் அவர் பெயரிலேயே இருக்கும் சுவார்ட்ஸ் மேல்நிலைப் பள்ளியில் படித்தவர்தான் நம் முன்னாள் குடியரசுத் தலைவர் டாக்டர் அப்துல் கலாம்! திருநெல்வேலிச் சிறுவன் ஒருவனைத் தஞ்சைக்கு அழைத்துவந்து படிக்க வைத்தார். அந்தச் சிறுவன்தான் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார்.

1787ல் ராஜா துளஜாஜி இறக்கும் தறுவாயில், தத்து எடுத்த பத்து வயதுப் பிள்ளை சரபோஜியை சுவார்ட்ஸ் கையில் ஒப்படைக்க விரும்பினார். ராஜ்யத்தையே பார்த்துக்கொள்ளச் சொன்னார். சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். ராஜாவின் தம்பி அமர்சிங் பொறுப்பில் விடலாம் என்றார். ஆனா அமர்சிங் பிள்ளையைச் சரியாக நடத்தவில்லை. படிப்பும் வெளிச்சமும் இல்லாமல் அடைத்து வைத்தார். விஷயம் தெரிந்த சுவார்ட்ஸ் விடவில்லை. சென்னைக்கு எழுதி எழுதி, கடைசியில் 1793ல் சரபோஜியைச் சென்னைக்கே அழைத்துப்போய்ப் படிக்க வைத்தார். சரஸ்வதி மகால் நூலகத்தை அவ்வளவு பெரிதாக்கிய சரபோஜி மன்னர் இவர்தான்.

1798 பிப்ரவரி 13ஆம் தேதி சுவார்ட்ஸ் தஞ்சாவூரில் காலமானார். வயது 71. நாலு மாதம் கழித்து சரபோஜி பட்டத்துக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. அடக்கத்துக்கு முன் சரபோஜி வந்து முகத்தைப் பார்த்துக் கண்ணீர்விட்டு, உடலின் மேல் பொற்சரிகைத் துணி போர்த்தினார். இருந்த சொத்தையெல்லாம் மிஷனுக்கும் ஏழைகளுக்கும் எழுதி வைத்திருந்தார் சுவார்ட்ஸ். தஞ்சை தூய பேதுரு ஆலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அதன் மேல் உள்ள இங்கிலீஷ் கவிதையை எழுதியது சரபோஜி மன்னரே. இங்கிலீஷில் கவிதை எழுதிய தஞ்சாவூர் ராஜா!

முதலில் சொன்ன சிவகங்கைப் பூங்கா தேவாலயத்துக்குப் போனால் உள்ளே ஒரு வெள்ளைப் பளிங்குச் சிற்பம் பார்க்கலாம். லண்டனில் ஜான் பிளாக்ஸ்மேன் என்ற பெரிய சிற்பியிடம் சொல்லி சரபோஜி செய்வித்தது. படுக்கையில் சுவார்ட்ஸ் கிடக்கிறார். பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்திருப்பவர் சரபோஜி. கட்டிலருகே பள்ளிப் பிள்ளைகள் நிற்கிறார்கள்.