பழநி பஸ், பீளமேடு மோட்டார்... ஹைபிரிட் கார் வாங்கும் முன் ஜி.டி.நாயுடுவைத் தெரிஞ்சுக்கோங்க!

பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டையோடு பழநிக்குக் காரில் கிளம்புறீங்கனு வைங்க. கொடைக்கானல் வரை ஏற்றம். பெருமாள்மலை தாண்டினால் இறக்கம்தான். ஆறாயிரம் அடிக்கு மேலிருந்து ஆயிரம் அடிவரை வளைஞ்சு வளைஞ்சு இறங்கணும். பாதி வழியிலேயே பிரேக் கருகுற வாடை வந்துடும். இந்த ரோட்டில் ஓட்டுறவங்களுக்கு மைலேஜ் இரண்டாம் கவலைதான். அதனால்தான் ஹைபிரிட் கார் பேச்சு வந்தாலே, 'ரிப்பேர்னா யாருங்க பார்ப்பா?' என்ற கேள்வியும் கூடவே வரும்.

அதற்குப் பதில் தேட, இந்த மலையின் அடிவாரத்தில் பஸ் ஓட்டிய ஒரு மனிதரின் கதைக்குள் போகலாம். ஹைபிரிட் காருக்குள் இருப்பவை ஒரு பெட்ரோல் இன்ஜின், ஒரு மின் மோட்டார். இரண்டிலும் கை வைத்து வாழ்ந்தவர் அவர்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ல் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தார். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் மனசு அதிலேயே நின்றுவிட்டது. கோவைக்கு வந்தார், ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்தார், காசு சேர்த்தார், அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. நட்டு நட்டாகக் கழற்றி, திரும்பப் பூட்டினார். மெக்கானிக் ஆனது அப்படித்தான்.

நடுவில் பஞ்சு வியாபாரம். பம்பாய்வரை போய்க் கையைச் சுட்டுக்கொண்டு திரும்பினார். பிறகு ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு 1920-ல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சி டு பழநி. டிரைவரும் அவரேதான். அந்த ஒற்றை பஸ்தான் யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. நேரம் தவறாத பஸ் என்று பெயர் வாங்கியது. நேரம் தவறாமல் ஓட வேண்டுமானால் வண்டி வழியில் நிற்கக் கூடாது. கெட்டபின் பார்க்காமல், கெடும் முன்பே பார்த்தாக வேண்டும். யு.எம்.எஸ்-ஸின் வெற்றியில் பாதி ஒர்க்‌ஷாப்பில்தான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. பின்னாளில் அவர் தொடங்கிய தொழில்களில் ரேடியேட்டர் ஃபேக்டரியும் ஒன்று.

இந்தப் பகுதி ஹைபிரிட்டிலும் மாறவில்லை, கவனிங்க. இன்ஜின் இருக்கும்வரை ஆயில், ஆயில் ஃபில்ட்டர், ஏர் ஃபில்ட்டர், கூலன்ட் எல்லாம் உண்டு. பாதி நேரம் பேட்டரியில்தானே ஓடுது என்று ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீங்க. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று கையேடு சொன்னால், இரண்டில் எது முதலில் வருதோ அதுதான் கணக்கு. மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் இன்வெர்ட்டருக்கும் பல மாடல்களில் தனிக் கூலன்ட் இருக்கும். அதாவது, ரேடியேட்டர் வேலை ஒன்று கூடுதல்.

இனி மோட்டாருக்கு வருவோம். 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து பீளமேட்டில் மின் மோட்டார் செய்தார் ஜி.டி.நாயுடு. இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார் என்று கோவை இன்றும் கொண்டாடுவது இதைத்தான். கொங்கு நாட்டுக் கிணறுகளில் கவலை ஏற்றம் போய் மோட்டார் பம்ப் பரவிய காலம் அது. கிணற்று மோட்டாரோடு பழகியவர்களுக்குத் தெரியும்... அதில் ஆயில் மாற்ற வேண்டாம், ஸ்பார்க் பிளக் கிடையாது. சுற்றும் பாகம் ஒன்றுதான்.

ஹைபிரிட்டில் செலவு குறைவது இந்த மோட்டாரால்தான். டொயோட்டா பாணி ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் கிளட்ச் பிளேட்டே கிடையாது. தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் இல்லை. இறக்கத்தில் சக்கரமே மோட்டாரைச் சுற்றி பேட்டரியை சார்ஜ் செய்யும்; வண்டியும் வேகம் குறையும். பிரேக் பேடு தேய்வது சாதாரண காரைவிடக் குறைவு. பழநி இறக்கத்துக்கு இது வரம்தான்.

ஆனால், ஒரு விஷயம். ஹைபிரிட் பேட்டரி சின்னது. நீண்ட இறக்கத்தில் சீக்கிரமே நிரம்பிடும். அதற்குமேல் மோட்டாரால் அவ்வளவாகப் பிடிக்க முடியாது. கியர் லிவரில் 'பி' இருந்தால் அதில் போடுங்க, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். இன்ஜின் திடீர்னு உறுமினால் பயப்பட வேண்டாம். பிரேக் அதிகம் வேலை செய்யாததால், மலை ஈரத்தில் டிஸ்க்கும் காலிப்பரும் துருப்பிடிக்க வாய்ப்பு உண்டு. சர்வீஸில் சுத்தம் செய்யச் சொல்லுங்க. பல மாடல்களில் பின் சீட் பக்கம் பேட்டரிக்குக் காற்று போகும் துவாரம் இருக்கும். பூண்டு மூட்டையை அங்கே அடைத்தால் சருகும் தூசியும் உள்ளே போய் பேட்டரி சூடாகும். காரை வாரக்கணக்கில் ஓட்டாமல் போட்டால் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும். பெரிய பேட்டரிக்கு டொயோட்டா, மாருதி ஸ்ட்ராங் ஹைபிரிட்களில் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்ட்டி. பழைய கார் வாங்குறவங்க இதை முதலில் பார்க்கணும்.

மைல்ட் ஹைபிரிட் என்றால் இவ்வளவு கணக்கு தேவையில்லை. பராமரிப்பில் அது கிட்டத்தட்ட பெட்ரோல் கார்தான்.

நாயுடுவிடம் திரும்புவோம். டிரை செல்லில் ஓடும் சவர ரேசர் செய்தார். 1952-ல் 2,000 ரூபாய் விலையில் இருவர் போகும் பெட்ரோல் கார் உருவாக்கினார். அரசு உரிமம் தரவில்லை. கார் அதோடு நின்றது. எனக்கு அதைவிடப் பெரிய இழப்பாகத் தெரிவது வேறொன்று. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி வர முன்னின்றவர், அதன் முதல்வராகவும் இருந்தார். நான்கு வருடப் படிப்பு வீண், இரண்டே வருடத்தில் சொல்லித்தரலாம் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஏற்கவில்லை, பதவியை விட்டு விலகினார். ரேடியோ, ஆட்டோமொபைல் வேலைகளைச் சில வாரங்களில் கற்றுத்தரும் பயிற்சிகளையும் நடத்தியவர் அவர்.

மலை ஊர் மெக்கானிக்குக்கு இன்று வேண்டியதும் அப்படியொரு குறுகிய பயிற்சிதான். நாயுடு மோட்டார் சைக்கிளைப் பிரித்ததுபோல் ஹைபிரிட்டை வாசலில் வைத்துப் பிரிக்க முடியாது. பானெட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஓடும் கேபிள்களில் இருப்பது உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம். ஆயில், டயர், பிரேக் பேடு வேலைகளை விஷயம் தெரிந்த உள்ளூர் மெக்கானிக் பார்க்கலாம். ஆரஞ்சு கேபிள் பக்கம் பயிற்சி பெற்ற கைதான் போகணும். அதனால் ஷோரூமில் தள்ளுபடி எவ்வளவு என்று கேட்கும் முன், அப்படிப்பட்ட ஆள் உங்க ஊருக்குப் பக்கத்தில் எந்த சர்வீஸ் சென்டரில் இருக்கிறார், வண்டி வழியில் நின்றால் மலைக்கு மேலே வந்து எடுத்துப்போவார்களா என்று கேளுங்க.

ஜி.டி.நாயுடு 1974 ஜனவரி 4-ல் காலமானார். ஜப்பானில் முதல் பிரியஸ் விற்பனைக்கு வர அப்போது இன்னும் கிட்டத்தட்ட 24 வருடங்கள் இருந்தன. கோவை அவிநாசி ரோட்டில் அவர் பெயரில் உள்ள மியூசியத்துக்கு ஒருமுறை போய் வாங்க.