பள்ளிக்கூடமும் ஓதப் பள்ளியும்: மர்ஹூம் சித்தி லெப்பை காட்டிய வழி

மரக்காணம் உப்பளக் கரையானாலும் வேறு எந்தக் கடற்கரை ஊரானாலும், பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பியதும் முஸ்லிம் இல்லங்களில் ஒரு கேள்வி எழும். அரசுப் பள்ளியில் சேர்த்தால் மார்க்கம் என்னாவது? மத்ரஸாவில் மட்டும் சேர்த்தால் பிழைப்பு என்னாவது? இக்கேள்விக்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட பெரியார் ஒருவர் கடலுக்கு அப்பால் இலங்கையில் வாழ்ந்தார். அவரே அறிஞர் எம்.ஸி. சித்தி லெப்பை.

அன்னார் 1838-ஆம் ஆண்டு கண்டியில் பிறந்தார். அரபு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளைக் கற்று, தந்தையைப் போலவே வழக்கறிஞரானார். வருமானமும் மதிப்பும் நிறைந்த தொழில். ஆயினும் தம் சமுதாயத்தின் நிலை அவர் மனத்தை உறுத்திக் கொண்டே இருந்தது.

அக்காலத்தில் இலங்கையில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷனரிகளின் கையில் இருந்தது. அங்கே அனுப்பினால் பிள்ளை ஈமானை இழந்துவிடுமோ என்று பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் அஞ்சிய பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்திக் கொண்டனர். ஈமான் காக்கப்பட்டது, கல்வி போயிற்று. வழக்குமன்றத்திலும் அரசு அலுவலகத்திலும் முஸ்லிம்களுக்காகப் பேச ஆளில்லாமற் போயிற்று.

மற்றச் சமூகத்தாருக்கும் இதே இடர்ப்பாடு இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848-இல் சைவப் பாடசாலை தொடங்கினார். பௌத்தர்களுக்காகக் கர்னல் ஆல்காட் 1880-க்குப் பின் பள்ளிகள் அமைக்கத் துணை நின்றார். முஸ்லிம்களும் தமக்கென்று பள்ளி அமைக்க வேண்டும் என்று சித்தி லெப்பை துணிந்தார்.

முதலில் மக்களின் மனத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. அதற்காக 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். 1885-இல் அவர் எழுதிய ‘அசன்பேயுடைய கதை’ தமிழின் தொடக்கக் கால நாவல்களுள் ஒன்றாகும். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883-இல் இலங்கை வந்த ஒராபி பாஷாவின் ஆதரவும் அவருக்குக் கிடைத்தது.

பாதை எளிதாயிருக்கவில்லை. கொழும்பில் முதலில் தொடங்கிய பள்ளி போதிய ஆதரவின்றி நிலைக்கவில்லை. அன்னார் சோர்ந்துவிடவில்லை. கட்டடக் கலையில் பேர்பெற்ற வாப்பிச்சி மரைக்கார் போன்ற தனவந்தர்களின் துணையுடன் 1892 ஆகஸ்டில் மருதானைப் பள்ளிவாசலையொட்டி ‘அல்மத்ரஸத்துல் கைரிய்யத்துல் இஸ்லாமிய்யா’ மலர்ந்தது. பின்னாளில் ஸாஹிரா கல்லூரியாகப் புகழ்பெற்றது இதுவே. மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் அங்கே ஒரே கூரையின் கீழ் இடம் பெற்றன. பெண் கல்வியையும் அன்னார் மறக்கவில்லை. கண்டியில் பெண்களுக்கெனப் பாடசாலை நிறுவி, தம் சகோதரியையே அதன் பொறுப்பில் அமர்த்தினார். 1898-இல், அறுபது வயது நிரம்பும் முன்னரே, இறைவனடி சேர்ந்தார்.

இன்று நம் நாட்டின் நிலை வேறு. அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி, முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் எந்த மதபோதனையும் கிடையாது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் தனியார் பள்ளியில் மதபோதனை நடந்தால், பெற்றோரின் சம்மதமின்றி எந்தச் சிறுவனையும் அதில் பங்குகொள்ளச் செய்ய முடியாது. சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்விக் கூடங்களை நிறுவி நடத்தும் உரிமையை 30-ஆம் பிரிவு தருகிறது.

ஆகவே, மார்க்கத்துக்கு அஞ்சிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்கக் காரணமில்லை. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அரசுப் பள்ளி நம் பிள்ளையின் தீனைப் பறிக்காது. அதை ஊட்டவும் செய்யாது. அப்பொறுப்பைச் சட்டம் நம்மிடமே விட்டிருக்கிறது. உப்பளத்தில் கூலி வேலை செய்யும் தந்தைக்குத் தனிப் பள்ளி கட்ட வசதியிராது. ஆனால் ஃபஜ்ருக்குப் பிறகோ மஃரிபுக்குப் பிறகோ பிள்ளையை ஓதப் பள்ளிக்கு அனுப்ப எவராலும் இயலும். ஓதிக் கொடுக்கும் ஹஜ்ரத்துக்கு உரிய சம்பளத்தைக் குறையின்றிக் கொடுப்பது ஜமாஅத்தின் கடமை. பிள்ளை ஓதியதை இரவில் தாய் கேட்டறிவதும் ஒரு மத்ரஸாதான்.

ஈமானா, கல்வியா என்று சமுதாயம் தயங்கி நின்றபோது, இரண்டும் வேண்டும் என்று உழைத்தவர் சித்தி லெப்பை. அன்னாரின் கப்ரை அல்லாஹ் ஒளிமயமாக்கி வைப்பானாக! நம் பிள்ளைகளை இரு கல்வியிலும் சிறந்தோங்கச் செய்வானாக! ஆமீன்.