வேர் கொடுக்கும் கூலியைக் கண்டவர்

ஐப்பசி அடைமழை விட்ட மறுவாரம் திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பக்கம் கத்தரித் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். பாத்தியில் தண்ணீர் நிற்கும். செடி வெளுத்து மஞ்சளாகும். பதறிப்போய் யூரியாவை வீசுவோம், மஞ்சள் மாறாது. மழையில் சத்து கரைந்து போனது பாதிக் காரணம். மண்ணில் மிச்சமிருக்கும் சத்தையும் வேரால் எடுக்க முடியாதது மீதிக் காரணம். அது ஏன் என்று விளங்க, சென்னையில் படித்த ஒரு மருத்துவரின் கதை உதவும்.

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895-ல் பீமாவரத்தில் பிறந்தார். அது அன்றைய சென்னை மாகாணம். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில், காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து அறுவைச் சிகிச்சைக்குப் போனார். பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கைக்கு வந்தது. சகோதரர்கள் இருவரை ஸ்புரூ என்ற குடல் நோய் சில நாள் இடைவெளியில் கொண்டுபோயிற்று. ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 1923-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். பகலில் ஹார்வர்டில் படிப்பு, இரவில் மருத்துவமனையில் எடுபிடி வேலை.

அங்கே சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து, பாஸ்பரஸை நீல நிறத்தின் அடர்த்தியால் அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். உங்கள் மண் மாதிரியில் மணிச்சத்து பார்ப்பதும் இந்த வகை முறையில்தான். அந்த அளவுகோல் கையில் இருந்ததால் 1929-ல் இருவரும் தசையில் ஏடிபி என்ற பொருளைக் கண்டார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாகக் கண்டார்.

ஏடிபியை உயிரணுவின் கைக்காசு எனலாம். வேரின் ஒவ்வோர் அணுவையும் மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. தண்ணீர் அதன் வழியே காசில்லாமல் நுழையும். மணிச்சத்து அப்படியல்ல. வெளியே மண்நீரில் அது சொற்பம், உள்ளே பல நூறு மடங்கு. குறைவான இடத்திலிருந்து நிறைந்த இடத்துக்கு ஏற்ற வேண்டும், கிணற்றிலிருந்து மேட்டு வயலுக்கு இறைப்பதுபோல. சவ்விலுள்ள பம்புகள் ஏடிபியைச் செலவழித்தே இதைச் செய்கின்றன. அத்தகைய பம்பு ஒன்றை டென்மார்க்கின் ஸ்கௌ 1957-ல் நண்டின் நரம்பில் காட்டினார். அதைப் பார்க்க சுப்பாராவ் இல்லை. 1948-ல், 53 வயதில், ஊர் திரும்பாமலே அமெரிக்காவில் இறந்துவிட்டார். யானைக்கால் நோய்க்கு நம் கிராமங்களில் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையும் அவர் தலைமையில் நடந்த ஆய்வில் வந்ததுதான்.

மறுபடி பாத்திக்கு வருவோம். காற்று கிடைத்தால், வேர் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏடிபி எடுக்கும். தண்ணீர் தேங்கி மூச்சு முட்டினால் வெறும் 2. பிறகு பம்பு எப்படி ஓடும்? நெல்லுக்குத் தண்டு வழியே வேருக்குக் காற்று இறங்கும் வசதி உண்டு. கத்தரிக்கு இல்லை. கடலோரத்தில் கிணற்று நீர் உப்புக் கரிக்கும் தோட்டங்களில் கஷ்டம் இரட்டிப்பு: உள்ளே புகுந்த சோடியத்தை வெளியே தள்ளவும் அதே காசுதான் செலவாகிறது.

ஆகவே முதலில் வடிகால் வெட்டித் தண்ணீரை இறக்குங்கள். மண் சற்று காய்ந்ததும் லேசாகக் கொத்திவிட்டு, ஒரு செடியைப் பறித்துப் பாருங்கள். புதிய வெள்ளை வேர் தெரிந்த பிறகு மேலுரம் போடுங்கள்.