பிரித்துப் பார்த்த மனிதர்

இயந்திரத்தை வாங்கிப் பயன்படுத்துவோர் பலர். அதைப் பிரித்து உள்ளே பார்ப்போர் சிலரே. அந்தச் சிலருள் தலையாயவர் கோவை மண் தந்த கோபால்சாமி துரைசாமி நாயுடு. ஜி.டி. நாயுடு என்றால் தமிழ்நாட்டில் அறியாதவர் குறைவு. நம் நாட்டு மாணவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தவே இக்கட்டுரை.

1893 மார்ச் 23ஆம் நாள் கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஆரம்பக் கட்டத்தோடு நின்றது. இளம் வயதில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். கோவையில் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை செய்து, பணம் சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி, மீண்டும் பூட்டினார். அதுவே அவருடைய பல்கலைக்கழகம்!

1920இல் ஒரே ஒரு பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே சேவை தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் அவரது தொழிற்சாலையிலிருந்து இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் வெளிவந்தது. மின்சவரக் கருவி, பழச்சாறு பிழியும் இயந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி எனப் பட்டியல் நீளும். 1952இல் ஏறத்தாழ 2,000 ரூபாய் விலையில் இருவர் அமரும் கார் ஒன்றையும் உருவாக்கினார். அரசு உரிமம் தர மறுத்ததால் அந்த முயற்சி அத்துடன் நின்றது.

அவருடைய வாழ்வில் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது வேறொன்று. 1945இல் அவர் முன்னின்று தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக உள்ளது. பொறியியல் கற்க நான்கு ஆண்டுகள் வீண், இரண்டே போதும் என்று அவர் வாதிட்டார். அரசு இணங்கவில்லை. அவர் முதல்வர் பொறுப்பிலிருந்து விலகினார். நான்காம் ஆண்டில் இருக்கும் எனக்கு இது குத்தாமல் இருக்குமா?

ஜொகூர், ஸ்கூடாயில் என் மாமா ஒரு சிறிய கார் பட்டறை நடத்துகிறார். படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவர். விடுமுறையில் நாங்கள் இருவரும் பழைய கார் ஒன்றுக்கு எல்இடி சிக்னல் விளக்கு செய்தோம். கார் இயங்கும்போது மின்னழுத்தம் ஏறக்குறைய 14 வோல்ட். மஞ்சள் எல்இடி ஒன்றுக்கு 2 வோல்ட். மூன்றை வரிசையாக இணைத்தால் 6. மீதி 8 வோல்ட்டை 470 ஓம் மின்தடை தாங்கினால், 17 மில்லி ஆம்பியர் ஓடும். அப்படி ஐந்து வரிசைகள் வைத்தோம்.

விளக்கு எரிந்தது. ஆனால் துடிப்பு மிக வேகம். காதில் கேட்டவுடனே மாமா பிளாஷர் ரிலேயைக் காட்டினார். பல்பு கெட்டுப் போனால் அது இப்படித்தான் அடிக்கும் என்பது அவர் அனுபவம். காரணத்தை நான் கணக்கில் காட்டினேன். 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். எங்கள் விளக்கு இழுத்தது 0.085தான். மின்னோட்டம் குறைந்ததால், பல்பு எரிந்துபோனதாக ரிலே எண்ணிக்கொண்டது. பின்னர் 555 சில்லையும் ஒரு டிரான்சிஸ்டரையும் கொண்டு, நிமிடத்துக்கு 90 முறை மின்னும் தனிச் சுற்று அமைத்தோம். எல்லாவற்றையும் தமிழிலேயே பேசிக்கொண்டோம்.

ஆகவே நாயுடுவோடு நான் பாதிதான் உடன்படுகிறேன். மாமாவின் காது இல்லாமல் கோளாறு இருக்கும் இடம் தெரிந்திருக்காது. நான் கற்ற கணக்கு இல்லாமல் அதன் காரணம் விளங்கியிருக்காது. ஆண்டுகள் எத்தனை என்பது பெரிதல்ல. அந்த ஆண்டுகளில் கை எத்தனை முறை திருப்புளியைத் தொட்டது என்பதே கேள்வி.

1974 ஜனவரி 4ஆம் நாள் நாயுடு மறைந்தார். அவர் கேட்ட கேள்வி இன்னும் மறையவில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த மாணவ நண்பர்களே, பட்டம் பெறுவோம். பெறுவதற்கு முன் எதையாவது ஒன்றைப் பிரித்தும் பார்ப்போம்!