சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் வாழ்வில் ஒரு சான்று வழக்கு

ஆந்திர எல்லையை ஒட்டிய மலைக்கோயில் ஊரான திருத்தணி, 1960இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அவ்வூரில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் வரலாற்றை எழுதுவோர்க்குச் சான்று சுட்டும் சிக்கல் பிறந்தநாளிலேயே தொடங்கிவிடுகிறது. ஆவணங்கள் தருவது 1888 செப்டம்பர் 5. அவரோ 1887 செப்டம்பர் 20 என்று கருதியதாக மகன் கோபால் எழுதிய வரலாறு குறிக்கிறது. எதனை ஏற்பினும், எச்சான்றின்வழி ஏற்றோம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

திருப்பதியிலும் வேலூரிலும் பயின்று, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் மெய்யியல் கற்றார். சென்னையிலும் மைசூரிலும் பணியாற்றியபின் 1921இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் மெய்யியல் இருக்கையை ஏற்றார். இந்திய மெய்யியல் பற்றிய அவரது பெருநூல் 1923, 1927 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக இலண்டனில் வெளிவந்தது.

1929 ஜனவரியில் மீரட் கல்லூரி ஆசிரியர் ஜதுநாத் சின்ஹா, கல்கத்தாவின் மாடர்ன் ரிவ்யூ இதழில் ஒரு குற்றச்சாட்டை எழுப்பினார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்குத் தாம் அளித்த, அச்சேறாத ஆய்வேட்டின் பகுதிகள் இரண்டாம் தொகுதியில் பெயர் சுட்டப்பெறாமல் இடம்பெற்றுள்ளன என்பதே அது. இருவர் எழுத்தையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். இருவரும் எடுத்தாண்ட வடமொழி மூலங்கள் ஒன்றே, ஆகவே மொழிபெயர்ப்பில் ஒப்புமை தவிர்க்க இயலாதது என்று இராதாகிருஷ்ணன் விடையிறுத்தார். தம் நூல் 1924லேயே எழுதி முடிந்தது என்றும், அதற்கு முன்பே அப்பொருளை வகுப்பில் விரித்துரைத்ததாகவும் கூறினார். வெளியீடு தாழ்ந்ததை நூல்வரிசையின் பதிப்பாசிரியர் மியூர்ஹெட் உறுதிப்படுத்தினார். சின்ஹா பதிப்புரிமை வழக்குத் தொடுக்க, இராதாகிருஷ்ணன் அவர்மீதும் இதழாசிரியர் இராமானந்த சட்டர்ஜிமீதும் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1933 மே மாதம் வழக்குகள் இணக்கத்தில் முடிந்தன. உடன்பாட்டின் விவரம் வெளியிடப்பெறவில்லை. தீர்ப்பு எழுதப்படாத நிலையில், எழுத்துக்களவு மெய்ப்பிக்கப்பட்டது என்றோ, குற்றச்சாட்டு பொய்யென நீதிமன்றம் கண்டது என்றோ எழுதுவதற்கு இடமில்லை. இரு தரப்பிலும் அவ்வாறு எழுதுவோர் உளர்.

வழக்கின் முடிச்சு அடிக்குறிப்பின் இயல்பிலேயே உள்ளது. மூலநூலின் இயல் எண்ணை மட்டும் சுட்டும் குறிப்பு, ஆசிரியர் அம்மூலத்தை நேரே கற்றாரா, பிறர் பெயர்ப்பின் வழியே சென்றாரா என்பதைக் காட்டுவதில்லை. தமிழாய்விலும் இது நிகழ்கிறது: தொல்காப்பிய நூற்பா எண்ணைத் தந்துவிட்டு, அதற்குப் பொருள் காண உதவிய ஆய்வாளரை விட்டுவிடுகிறோம். இன்றைய மேற்கோள் நெறிகள் இவ்விடைவெளியை அடைக்க வழி தருகின்றன. அச்சேறாத ஆய்வேட்டிற்கு ஆசிரியர், தலைப்பு, பட்டம், பல்கலைக்கழகம், ஆண்டு ஆகியன வேண்டும். விரிவுரைக்கு இடமும் நாளும் வேண்டும். மொழிபெயர்ப்புக்குப் பெயர்த்தவர் பெயர் வேண்டும். தாமே பெயர்த்திருப்பின் அதனையும் வெளிப்படக் கூறல் வேண்டும். பிறர் நூல்வழி அறிந்த மூலத்திற்கு இரண்டையும் சுட்டுவதே முறை.

வழக்கு நிலுவையில் இருந்தபோதே, 1931இல், இராதாகிருஷ்ணன் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். பார்வைப்புலன் முதலிய புலனறிவு பற்றிய சின்ஹாவின் நூல் 1934இல் இலண்டனில் வெளிவந்தது. இராதாகிருஷ்ணன் 1936இல் ஆக்சுபோர்டுப் பேராசிரியராகவும், 1962இல் குடியரசுத் தலைவராகவும் பொறுப்பேற்று, 1975 ஏப்ரல் 17 அன்று சென்னையில் மறைந்தார்.