கோதை என்னும் திருநாமம்

திருவாடிப் பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் (பாசுரங்களில் அவ்வூரும் புதுவையே!) நந்தவனத்துத் துளசியடியில் கண்டெடுத்த பெண்மகவுக்குப் பெரியாழ்வார் கோதை என்று பெயரிட்டார். பிள்ளைகளுக்கு எம்பெருமான் திருநாமத்தையே இடவேண்டும் என்று ஒரு பதிகம் முழுதும் பெற்றோரை வற்புறுத்தியவர், தம் மகளுக்கோ மாலையின் பெயரைச் சூட்டினார். மாலை தொடுப்பதே கைங்கரியமாகக் கொண்டவர்க்கு வேறு எப்பெயர் இனிக்கும்? சேர மன்னர் சிலர் பூண்ட பழம்பெயர் அது. வடமொழியில் கோதாவாகி, வாக்கை அருள்பவள் என்று பொருள் விரிந்தது.

பெருமாளுக்குரிய மாலையை அவள் முன்னர்ச் சூடி அழகு பார்ப்பதைக் கண்ட தந்தை மனம் பதறி, அன்று அதைச் சாற்றாது விடுத்தார். அவள் சூடிக் களைந்ததே தமக்கு உகப்பென்று வடபத்ரசாயி கனவில் உணர்த்தியருளினார். உலகம் அவளை ஆண்டாள் என்று ஏத்தியது. அவளோ திருப்பாவையின் 30-ஆம் பாசுரத்தில் தன்னைத் தந்தையின் பெயரோடு இணைத்துக் கோதை என்றே குறித்தாள்.